செஞ்சியிலிருந்து எரிமலை மண் காப்பிக்கு 68 கிலோமீட்டர்

இன்று சனிக்கிழமை. ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தனியாகப் புதுச்சேரிக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தேன். ரீயூனியன் தீவில், எரிமலை மண்ணில் விளைந்த காப்பி. எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த மண் வளமானது என்று ஒரு வரி இருக்கிறது. அதன் ருசி எப்படி இருக்கும் என்று இல்லை. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஏறலாம். நான் ஏற முடியாது. அங்கேதான் எங்கள் நைனாவின் டீக்கடை. "பொய் சொல்லிட்டு ஊரு சுத்துனா பிளஸ் டூவோட நிறுத்திடுவேன்" என்பது அவர் சட்டம். எனக்கோ உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும். அதனால் திண்டிவனம் சாலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, 8.20க்கு வந்த பாண்டி பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் எழுபது ரூபாய். இலவச பஸ் பாஸ் செல்லாது.

யூனிபார்மைப் பார்த்துவிட்டு கண்டக்டர் கேட்டார்: "இன்னா பாப்பா, பாண்டியிலயா உன் ஸ்கூலு?"

"பரீட்சைண்ணா."

"சனிக்கிழமையில இன்னா பரீட்சை?"

"ருசி பாக்குற பரீட்சை."

சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

10.30க்கு பாண்டியில் இறங்கி, காப்பிக் கடைவரை ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். காப்பி முந்நூற்றைம்பது. (ஆமாம், ஒரு கப்தான். தீபாவளிக் காசு.) கடையை நடத்தும் அக்கா பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் கண்ணாடிக் குடுவையில் வடிகட்டி, ஒரு குட்டிக் கப்போடு வைத்தார். நான் பழக்கதோஷத்தில் கப்பிலும் குடுவையிலும் மாற்றி மாற்றி, கையை உயர்த்தி ஆற்ற ஆரம்பித்துவிட்டேன்.

"ஐயோ, ஆத்தாத பாப்பா! வாசனையெல்லாம் காத்துல போயிடும்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "இது இன்னா டீக்கடையா?"

"எங்க நைனா டீக்கடைதான் வச்சிருக்காரு. அதுல உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

முதல் வாய் வெறும் புளிப்பு. ஏமாந்துவிட்டோம் என்று நினைத்தேன். "தானா ஆறட்டும்" என்றார் அக்கா. பத்து நிமிடம் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கமலா ஆரஞ்சுத் தோல் வாசனை, எங்கள் மலையில் பழுத்த களாப்பழத்தின் இனிப்பு. கசப்பே இல்லை. "எல்லாம் மண்ணால வந்ததா?" என்று கேட்டேன். மண்ணில் தண்ணீர் தேங்காது, வேருக்கு நல்லது, ஆனால் செடியின் வகை, மலையின் உயரம், பழத்தைப் பக்குவமாகக் காயவைப்பது இதெல்லாமும் சேர்ந்ததுதான் ருசி என்றார். கேள்வி கேட்டதற்காக இருபது கிராம் தூள் சும்மாவே கொடுத்தார்.

அதை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு எடுத்துவந்ததுதான் என் தவறு. நீங்கள் இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள்.

ராத்திரி சாப்பிடும்போது நைனா மூக்கை உறிஞ்சினார். இருபது வருடம் டிகாஷன் போட்ட மூக்கு.

"இன்னாடி வாசனை? காப்பித்தூளு. ஆனா நம்ப கடைத்தூளு இல்லியே."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சோற்றைப் பார்த்தேன்.

"சாப்டு. காலையில பேசிக்கலாம்" என்று நைனா கை கழுவ எழுந்துபோனார்.

காலையில் போன் என் கையில் இருக்குமா என்று தெரியாது. அதனால் இப்போதே போடுகிறேன். போனது தப்பில்லை, பொய் சொன்னதுதான் தப்பு. அதை நானே சொல்லிவிடுவேன். திரும்பி வருகிறவர்கள் 2.15 பஸ்ஸைப் பிடித்தால் நாலரைக்குள் செஞ்சி.

நைனா கடை திறக்கப் போவதற்கு முன், விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து அந்தத் தூளை வடிகட்டி, ஒரு டம்ளரில் அவர் முன்னால் வைக்கப்போகிறேன். எங்கே போனேன், எதற்குப் போனேன், அடுத்த வருடம் என்ன படிக்கப்போகிறேன், எல்லாம் சொல்வேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். ஆனால் அந்தக் காப்பியை ஆற்ற மட்டும் விடமாட்டேன்.