கொடுவா அறுத்த புத்தாண்டு

என் அத்தை சவுரியம்மாள் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் கூலிக்காரி. பாம்பையே கழியால் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பாள் என்பார்கள். அவள் ஒரு செத்த மீனுக்குப் பயந்த கதையை என் அம்மா ஜெயம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அத்தையின் கணவர் இருதயராஜ் மாமா கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வங்கக் கடலில் கப்பல்களை மூழ்கடித்த பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை. கடலில் செத்தவர்களை மீன்கள் தின்கின்றன என்று பேச்சு பரவியது. தெருவில் பாதிப் பேர் கடல் மீனைத் தொடுவதை விட்டார்கள். அத்தையும் விட்டாள்.

ஆனால் புத்தாண்டுப் பூசை முடிந்து வந்ததும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கடல் மீன் குழம்பு கொதிக்க வேண்டும். அன்று மீன் வைக்காத வீடு சாவு விழுந்த வீடு. அத்தை வைக்காவிட்டால் மாமா செத்துவிட்டதாக அவளே ஊருக்குச் சொன்ன மாதிரி. பிறகு தாலியைக் கழற்றச் சொல்லி வந்துவிடுவார்கள்.

1943 புத்தாண்டுக் காலை. மரக்காணத்துக் கூடைக்காரியிடம் வாங்கிய கொடுவா மீனை அத்தையின் மாமியார் அருளாயி கொண்டுவந்து போட்டார். வயிறு உப்பியிருந்தது. அத்தை செதில் சுரண்டினாள், செவுளைப் பிய்த்தாள். வயிற்றுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. மாமாவின் கழுத்தில் அந்தோணியார் உருவம் பொறித்த சுரூபம் ஒன்று கிடக்கும். கப்பலேறும்போது அவளே கோத்துப் போட்டது.

"அண்ணி, நீங்க அறுத்துக் குடுங்களேன்" என்று அங்கே வந்திருந்த என் அம்மாவிடம் கெஞ்சினாள். அம்மாவும் மாட்டேன் என்றுவிட்டாள்.

"இன்னாத்துக்கு பயந்துக்கினு கெடக்கற? எம்புள்ள உசுரோடதான் இருக்கறான். அறு" என்றார் மாமியார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு கீறினாள். பிறகு குடலை விரலால் பிதுக்கிப் பிதுக்கிப் பார்த்தாள். செரித்தும் செரிக்காததுமாய்ப் பொடி மீன்கள். வேறொன்றும் இல்லை. உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். தெளிந்த பிறகும் அலசிக்கொண்டே இருந்தாள்.

குழம்பு இறங்கியது. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் தன் வீட்டுக் குழம்பில் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். இவர்கள் வாயில் வைக்கிறார்களா என்று பார்க்கத்தான்.

மீன் தலை எப்போதும் ஆம்பளைக்கு. அதை மாமாவுக்கென்று போட்டிருந்த தட்டில் வைத்துவிட்டு மாமியாருக்குப் பரிமாறினாள். மாமியார் சோற்றைப் பிசைந்தார், உருட்டினார், மறுபடி பிசைந்தார். கை வாய்க்குப் போகவில்லை. மீன் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்.

மாமா இருக்கிறார் என்று அந்த வீட்டில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாய்தான். பெற்றவளே நம்பவில்லை.

"இன்னா பெரியம்மா, எறங்கலியா?" என்றாள் லூர்தம்மாள்.

மாமியாரின் உதடு துடித்தது. அழுதுவிட்டால் எல்லாம் முடிந்தது. அத்தை சட்டென்று அந்தத் துண்டைப் பிட்டு, முள்ளெடுத்து, அவர் வாயில் வைத்தாள்.

"முழுங்குங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் விழுங்கினார். அத்தையும் தன் துண்டைத் தின்றாள்.

நம்பிக்கையில் ஊட்டினாளா, பயத்திலா என்று அம்மாவைக் கேட்டேன். நான் படித்த எதை வைத்தும் அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. "பயந்தான், வேற இன்னா" என்றாள் அம்மா.

லூர்தம்மாள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். தாலியைப் பற்றி யாரும் பேசவில்லை, அடுத்த புத்தாண்டு வரைக்கும்.