ஈட்டி பிடித்த ரோச்

என் அத்தான் ரோச் ஒரு முறை ஆப்பிரிக்காக்காரராக இருந்திருக்கிறார். அரை நாள்தான். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் வந்திறங்கிய ஒரு சினிமாக் கம்பெனி, செம்மண்ணைப் பார்த்ததும் இதுதான் ஆப்பிரிக்கா என்று முடிவு செய்துவிட்டது. கறுப்பாக ஆள் வேண்டுமென்று தூத்துக்குடியில் எங்கள் திரேஸ்புரத்துக்கு வந்து கேட்டார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டும் அத்தானுக்கு அன்று வேலை இல்லை. முதல் ஆளாக வேனில் ஏறினார். இருந்த கறுப்பு போதாதென்று கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, கையில் மூங்கில் ஈட்டி ஒன்றைக் கொடுத்தார்களாம்.

என்ன பேச வேண்டும் என்று கேட்டதற்கு, "எதையாவது கத்துங்க, யாருக்கும் புரியக் கூடாது" என்றிருக்கிறார் டைரக்டர். அத்தான் வாயில் அவசரத்துக்கு வந்தது மீன் பெயர்கள். "சீலா! பாறை! ஊளி!" என்று கத்திக்கொண்டே கதாநாயகனைத் துரத்தினார். தியேட்டரில் அந்தக் காட்சிக்குக் கீழே 'இவனைக் கொல்லுங்கள்' என்று எழுத்து ஓடியது. எங்கள் தெருவே சிரித்து உருண்டது.

இந்த மனிதர்தான், பெற்ற மகளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மகள் ஸ்டெபி சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தாள். தான்சானியாவில், தார் எஸ் சலாம் துறைமுக அலுவலகத்தில் பெரிய பொறுப்பு கிடைத்தது. அவளே தேடி, நேர்காணலில் தேறி வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா சம்மதிக்காமல் போக மாட்டேன் என்று ஊருக்கு வந்திருந்தாள். எனக்கு இரண்டு பேர் மேலேயும் எரிச்சல்.

"அங்கன கூட்டமா ஈட்டியத் தூக்கிட்டு வந்தா நீ எங்கன ஓடுவ?" என்றார் அத்தான், சாப்பாட்டுக்கு நடுவே.

"எவன் தூக்கிட்டு வந்தான்?" என்று கேட்டாள் அவர் மனைவி, என் அல்போன்சா அக்கா.

"படத்துல காட்டுதாம்லா."

"அது நீங்கதான!"

எனக்குப் புரையேறிவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை.

"நம்ம படத்துலதான் பொய்யி. இங்கிலீஷ் படத்துல நெசமாவே அங்கன போய் எடுத்திருப்பான். சரி, படத்த விடு. டிவியிலயும் பேப்பர்லயும் தெனமும் என்ன வருது? சண்டை, பட்டினி, நோயி. அதுவும் பொய்யா?"

"பொய்யில்லப்பா. ஆனா ஒண்ணும் நடக்காத நாள எவன் பேப்பர்ல போடுதான்?" என்ற ஸ்டெபி, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "போன வருசம் மாதா கோயில் திருவிழாவுக்கு என் பிரண்டு வாரேன்னு சொன்னாளே, ஞாபகம் இருக்கா?"

அத்தானின் கை சோற்றிலேயே நின்றது. அதை வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஸ்டெபியோடு சென்னையில் தங்கியிருந்த பெண் அவள். அவள் வருகிறாள் என்று அத்தான் வீட்டுக்கு வெள்ளையடித்தார், நல்ல நண்டாகப் பார்த்து வாங்கி வைத்தார். ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது போன் வந்தது. அவள் அம்மா விடவில்லையாம். தூத்துக்குடியில் எல்லாரும் அரிவாளோடு திரிவார்கள், எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன் என்றாராம். அத்தான் அன்று நண்டைத் தொடவே இல்லை. "நம்ம வீட்டுக்கு ஒரு பிள்ளைய அனுப்பப் பயப்படுதாங்களே" என்று சொல்லிக் கண் கலங்கினார்.

"அந்தம்மா சொன்னதத்தான் இப்ப நீங்களும் சொல்லுதீங்க" என்றாள் ஸ்டெபி.

அத்தான் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், "போயிட்டு வா. போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விமான நிலையத்தில், இறங்கியதும் போன் பண்ணு என்று மூன்று தடவை சொன்னார்.

போன வாரம் ஸ்டெபி வீடியோவில் வந்தாள். பக்கத்தில் ஒரு பெரியவர். கூட வேலை பார்க்கும் பெண்ணின் அப்பாவாம், அங்கே மீன் கடை வைத்திருக்கிறார். வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டு உட்கார்ந்த அத்தான், என்ன பேசுவதென்று தெரியாமல் விழித்தார். அந்தப் பெரியவருக்கும் அதே கதிதான். சிரித்துவிட்டு, கடைப் பலகையிலிருந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"சீலா!" என்றார் அத்தான்.

அவர் அடுத்ததைத் தூக்கினார்.

"பாறை!"

மூன்றாவது நீளமாக, பல் தெரிய இருந்தது. "ஊளி" என்றபோது அத்தானுக்குச் சட்டென்று அந்த ஈட்டி ஞாபகம் வந்துவிட்டது. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், மெதுவாகச் சொன்னார்.

"ஏளா ஸ்டெபி, நான் நடிச்ச அந்தப் படத்த மட்டும் அவருக்குக் காட்டிராத."