அடுத்த கட்டடத்தில் இருந்த மெஷின்

முதலில் இளைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, இந்த வயதில் இப்படியோர் இடுப்பா என்று மகிழ்ந்த முட்டாள் நான். பிறகு நாக்கில் வெள்ளை படிந்தது. காய்ச்சல் விடவில்லை. இரத்தம் பார்த்தார்கள், எச்.ஐ.வி. மனைவி வசந்திக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை.

எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். மாத்திரை மட்டும் கேட்கவில்லை. விழுங்கியதும் வேலையைத் தொடங்கியது.

கிளிநொச்சியில் எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அதனால் ஓமந்தையைத் தாண்டி, என்னைத் தெரியாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதாமாதம் எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் சீனி வருத்தம் (நீரிழிவு) என்றேன். கெட்டிக்காரப் பொய் என்றுதான் நினைத்தேன். அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் எனக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி தரவில்லை. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் அகப்பை என்னைக் கண்டதும் அடுத்தவரிடம் தாவும். பக்கத்து வளவு மகேஸ் அக்கா பாவற்காய்ச் சாறு கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். எச்.ஐ.வி இனி உங்களைக் கொல்லாது என்றார் டொக்டர். பாவற்காய் பற்றி அவர் உறுதி தரவில்லை.

வசந்திக்கு ஒரு பிள்ளை வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது.

"மருந்தை ஒழுங்கா எடுத்து, கிருமி கண்டுபிடிக்கேலாத அளவுக்குக் குறைஞ்சால் மனிசிக்குத் தொத்தாது. ஆராய்ச்சியில உறுதியான விசயம்" என்றார் டொக்டர்.

அதற்கு வைரல் லோட் (இரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று அளக்கும் பரிசோதனை) பார்க்க வேண்டும். என் இரத்தம் கொழும்புக்குப் புறப்பட்டது. வழியில் குளிர் போய்ப் பழுதாகிவிட்டது என்று பல வாரம் கழித்துச் சொன்னார்கள். நாள் முழுக்க வயலில் நிற்கிற எனக்கு ஒத்துக்கொள்கிற வெயில், என் இரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

விதைப்பு நேரம் திரும்ப எடுத்தார்கள்.

"இஞ்சயே பாக்கேலாதா, டொக்டர்?"

"ஏலும். அடுத்த கட்டடத்தில காசநோய்க்குச் சளி பாக்கிற மெஷின் இருக்கு. அதிலயே இதையும் பாக்கலாம். வேற நாடுகளில பாக்கினம்."

"அப்ப?"

"அதுக்குள்ள போடுற கார்ட்ரிஜ் (இரத்தத்தை ஊற்றும் சிறு பெட்டி) எங்களுக்கு வரேல்ல."

போய்ப் பார்த்தேன். பெண் பார்க்கப் போனவன் போல வாசலில் நின்று எட்டினேன். பழைய ரேடியோ போல ஒரு பெட்டி.

"என்ன, இருமலோ?" என்றார் அங்கிருந்த நர்ஸ் மிஸ்.

"ஓமெண்டு சொன்னா என்ர ரத்தத்தையும் பாப்பீங்களோ, மிஸ்?"

கையில் ஒரு முகக்கவசத்தைத் தந்து வெளியே அனுப்பினார். சிரித்துக்கொண்டே வந்தேன். முற்றத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அறிவு இருக்கிறது, மெஷின் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது. கார்ட்ரிஜை யார் கேட்டு எடுக்க வேண்டும் என்றேன். "மேல" என்றார்கள். வானத்தைப் பார்த்தேன்.

வீட்டில் வசந்தி கலண்டரைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன்.

விதைப்பு நேரம் எடுத்த இரத்தத்துக்கு, அறுவடை முடிந்த பிறகு பதில் வந்தது. கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவு. டொக்டர் சிரித்தார், நான் சிரித்தேன். வசந்தி சிரிக்கவில்லை.

"அப்ப விதைப்புக்கே இவர் சரியாத்தான் இருந்திருக்கிறார்?"

"ஓம். மருந்தை விடேல்லத்தானே. இப்பவும் அப்பிடித்தான் இருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, ஒரு போகம் முழுக்கச் சும்மா பயந்து கிடந்தனாங்கள்."

ஜன்னலுக்கு வெளியே அறுத்து முடிந்த வயல்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

என்னைப் போல ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தை விடாதீர்கள், பதில் எங்கே என்று கேட்பதையும் விடாதீர்கள்.

நான் தேறிய நாள் எது என்று எனக்குத் தெரியாது. அதற்கு முந்திய போகத்தில், சேற்றில் நின்று உரம் வீசிய ஏதோ ஒரு காலையில் அது நடந்து முடிந்திருக்கும். இப்போது என் உடலை நம்புகிறேன். நாட்களைத்தான் நம்ப முடியவில்லை. நெல்லுக்கு அடுத்த போகம் கட்டாயம் வரும். வசந்தியின் உடலுக்கு அப்படி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. முயன்றுகொண்டிருக்கிறோம்.