வெடிமருந்துப் பெட்டியில் வந்த ரேடியோ

ரேடியோவை விற்றுவிடலாம்; உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும். கண்ணாடிச் சாமானை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறியவர்கள் உங்களில் இருந்தால், என் அவஸ்தையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் ஆரம்பத்தில் கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ரேடியோ கடையில் எனக்கு வேலை. சென்னைக்குப் போய்ச் செட்டை வாங்கி, தங்கவயலுக்குக் கொண்டுவந்து, வாங்கியவர் வீட்டில் பாடவைத்துவிட்டுத் திரும்பவேண்டும். பார்சலில் போட்டால் உள்ளே இருக்கும் வால்வு என்கிற கண்ணாடிக் குழாய்கள் தூளாகிவிடும் என்பதால் ஆள் கூடவே வரவேண்டும். நான் கூடவே வந்தும் இரண்டு செட் உடைந்துபோயிருந்தது. மூன்றாவதற்குக் கிளம்பியபோது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். முதலாளி வாசல்வரை வந்து வழியனுப்பினார்: "இதுவும் ஒடஞ்சிச்சின்னா, நீ அப்பிடியே மெட்ராஸ்லயே இருந்துடு."

காலியான பெட்டி

இந்தத் தடவை நான் உஷார். வால்வுகளைக் கழற்றிப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். செட்டை மட்டும், ஊரிலிருந்தே கொண்டுபோயிருந்த, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் இறக்கினேன். அது சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த காலிப் பெட்டி. எங்களூரில் அந்தப் பெட்டி இல்லாத வீடே கிடையாது. உட்காருவதும் அதில்தான், அரிசி வைப்பதும் அதில்தான். அதன்மேல் சிவப்பு எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நாங்கள் யாரும் படித்ததே இல்லை.

எதிர் சீட்டுக்காரர் படித்தார். அரக்கோணம் தாண்டியதும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தவர், மூட்டையோடு எழுந்துபோனார். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். நெரிசல் இல்லையே என்று நான் காலை நீட்டிச் சந்தோஷப்பட்டது ஜோலார்பேட்டை வரைக்கும்தான். அங்கே ரயில் கார்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்து பெட்டியைப் பிளாட்பாரத்தில் இறக்கச் சொன்னார்கள். லத்தியால் வைக்கோலைக் கிளறும்போது நான் குறுக்கே கைநீட்டித் தடுத்தேன். வேறு எதற்கும் இல்லை, முகப்புக் கண்ணாடியில் லத்தி பட்டுவிடுமே என்றுதான். உள்ளே ரேடியோவைப் பார்த்ததும் கார்டுக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. "ஏன்யா, ஊர்ல உங்களுக்கு வேற பெட்டியே கெடைக்கலியா?"

பங்காருபேட்டையில் தலைகீழாக

பங்காருபேட்டையில் வண்டி மாறவேண்டும். தங்கவயல் ரயில் அடுத்த பிளாட்பாரத்தில் ஊதிவிட்டது. கூலிக்காரர் ஒருவர் பெட்டியைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓட, பிஸ்கட் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில்தான் பார்க்கிறேன், பெட்டியைத் தலைகீழாக வைத்திருக்கிறார்.

"ஐயோ, திருப்புய்யா, திருப்பு!" என்று நான் கத்தியதில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவர் நிற்கவில்லை. ஓடும் ரயிலில் பெட்டியை ஏற்றி, என்னையும் முதுகில் கைவைத்துத் தள்ளி ஏற்றிவிட்ட பிறகுதான் பதில் சொன்னார்: "தலைகீழா வெச்சா இன்னாப்பா, உள்ள கீற பாட்டெல்லாம் கொட்டிப்புடுமா?"

பீடியை அணைத்தவர்கள்

செட் போகவேண்டியது பாலகாட் சுரங்கத்துத் தொழிலாளர் லைனில் இருந்த முனிரத்தினம் அண்ணன் வீட்டுக்கு. சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை அவருக்கு. ஸ்டேஷனிலிருந்து குதிரைவண்டி வைத்தால் குலுக்கியே கொன்றுவிடும் என்று நான் தயங்கி நின்றபோது, ஷிப்டு முடிந்து வந்த இரண்டு பேர் எங்கே என்று கேட்டுவிட்டு, "நாங்களும் அங்கதான் போறோம், குடு தம்பி" என்றார்கள்.

பெட்டியைப் பார்த்ததும் இருவரும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பேச்சில்லை, சிரிப்பில்லை. ஒருவர் கால் வைத்தால் மற்றவர் கால் அதே நேரத்தில் விழுந்தது. அன்று முழுக்க நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அந்த நடையில் மட்டும்தான். வாசலில் இறக்கியதும், "உள்ளே வெறும் ரேடியோதாண்ணா" என்று சொன்னேன். மூத்தவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் தம்பி. ஆனா இந்தப் பொட்டியத் தொட்டா காலு தானா அப்பிடித்தான் நடக்கும்."

பலகை

அண்ணன் பகல் ஷிப்டில் கீழே சுரங்கத்தில் இருந்தார். அவர் மனைவி செல்லம்மாக்கா செட்டைத் தரையோரமாக டிரங்குப் பெட்டிமேல் வைக்கச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பேர் பார்க்கவேண்டாமா? சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்த பலகையில் ஏற்றிவைத்தேன். வால்வுகளைப் பொருத்தித் திருப்பினேன். ஒரு நிமிஷம் கழித்து நாதஸ்வரம் வந்தது. அக்கா கைதட்டினார்.

கீழே சுரங்கத்தில் பாரம் தாங்காமல் பாறை தானாக வெடித்தால் மேலே வீடே ஆடும். எங்களூரில் அதை ஏர் பிளாஸ்ட் என்போம். அதற்காகவே எங்கள் வீடுகளில் கண்ணாடிச் சாமானை உயரத்தில் வைக்கமாட்டார்கள். அந்தப் புத்தி அன்றைக்கு எனக்கு எங்கே போயிற்று? தரை ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. ரேடியோ முகம் குப்புற விழுந்தது. "ஐயோ, என் வேலை போச்சே!" என்று நான் மண்டிபோட்டுச் சில்லுகளைப் பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் வீட்டில் யாருமில்லை. அக்கா செருப்புக்கூடப் போடாமல், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் ஓடினேன்.

ஷாப்டு வாசலில் லைனே திரண்டிருந்தது. ஆட்களை ஏற்றிவரும் கேஜ் என்கிற கூண்டு ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். ஐந்தாவது தடவைதான் அண்ணன் வந்தார், தலையோடு கால் வெள்ளைத் தூசியாக. கூட வந்த இருவருக்குக் காயம். நல்லவேளை, சாவு இல்லை. அக்கா அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா தம்பி, ரேடியோ வந்துச்சா?"

முதலாளி முன்னால்

மறுநாள் கடையில் உடைந்த செட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றேன். முதலாளி வாயைத் திறப்பதற்குள், யாரும் கூப்பிடாமலே முனிரத்தினம் அண்ணன் உள்ளே வந்தார். பலகை என்னுடைய யோசனை என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

"தம்பி முழுசாத்தான் கொண்டாந்து குடுத்தான், மொதலாளி. நாதஸ்வரம் கேட்டதா எம் பொஞ்சாதி சொல்றா. ஒடச்சது பூமி. யாரையாவது வேலைய வுட்டுத் தூக்கணும்னா, அதத் தூக்குங்க."

சென்னையிலிருந்து பாலகாட் வரைக்கும் ரேடியோவைக் காப்பாற்றியது வைக்கோலும் பஞ்சும். என் வேலையைக் காப்பாற்றியது நான் திறக்காத வாய்.