வாசல் பெஞ்சு

என் அக்கா வேதவதியின் கணவர் சாரங்கபாணியைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுஷர், ஆயுசு முழுக்க ஒரே கடையில் இருந்தார்" என்பார்கள். இருந்தார்தான். எப்படி இருந்தார் என்பதை நான் சொல்கிறேன்.

அத்திம்பேர் கணக்கில் பி.ஏ. தேறியவர். வாத்தியார் வேலை கிடைக்கும்வரை கைச்செலவுக்கு ஆகட்டும் என்று திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் சேர்ந்தார். மில்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டும், வருகிற துணிக்கட்டுகளை, அதாவது பேல்களை, சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளியின் பெயர் வேண்டாம். பேரன்கள் இன்னும் நல்ல பெயரோடு வியாபாரம் செய்கிறார்கள்.

ஜவுளி நன்றாக ஓடிய காலம் அது. சம்பளம் தவறாமல் வந்தது, தீபாவளிக்கு வேட்டி புடவை வந்தது. ஆனாலும் அத்திம்பேர் வீடு திரும்பும்போது சிடுசிடுவென்றுதான் வருவார். "புதுத் துணியோட கஞ்சி நாத்தம் மூக்கை விட்டுப் போகமாட்டேங்கறது. நாளைக்கே விட்டுடறேன்" என்பார். அவர் முகம் மலர்ந்து பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் பார்க்க வேண்டும். மகள் பூமாவையும் தெருக் குழந்தைகளையும் கொல்லைப்புறம் உட்கார வைத்து, சுவரில் கரித்துண்டால் முக்கோணம் போட்டுக் காட்டுவார். அப்போது அவர் வேறு ஆள்.

பிறகு வந்ததே ஒரு மந்தம்! நெல் விலை படுத்தது. கிராமத்தில் காசு நடமாட்டமே இல்லை, துணியை யார் வாங்குவார்கள்? முதலாளி பாதிப் பேரைப் போகச் சொன்னார். மிச்சப் பேருக்குச் சம்பளத்தைக் குறைத்தார். வேலை கேட்டு வருகிறவர்கள் உட்கார வாசலில் ஒரு நீளமான பெஞ்சு போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தார். தர்மப் பிரபு என்றது ஊர். பெஞ்சில் உட்கார்ந்த ஒருவருக்காவது வேலை கொடுத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே வேலை பார்க்கிற ஒவ்வொருவனும் தினமும் அந்த வாடிய முகங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மோர் கொடுத்தது அதற்குத்தான்.

அத்திம்பேருக்கு அது நன்றாகவே வேலை செய்தது. அதே நாற்காலி, அதே கஞ்சி நாற்றம், சம்பளம் மட்டும் குறைவு. மனிதருக்கோ அலாதி திருப்தி! "பெஞ்சிலே இன்னிக்கு ஒரு எம்.ஏ. உட்கார்ந்திருந்தான் வேதா. பெருமாள் நம்மை நன்னாத்தான் வெச்சிருக்கார்" என்பார். கரித்துண்டை அவர் கையில் எடுத்து நாளாகியிருந்தது. கடையிலிருந்து வரவே இருட்டிவிடும்.

யுத்தம் வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. ரேஷன் ஆபீஸ், ராணுவ ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் ஆள் எடுத்தார்கள். அத்திம்பேருக்குக் கீழே பேல் எண்ணிக்கொண்டிருந்த சேஷு கால்சட்டை மாட்டிக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போய்விட்டான். பெஞ்சு காலியாகி அதில் நாய் படுத்தது. அத்திம்பேருக்கும் கஞ்சி நாற்றம் மறுபடி உறைக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் புத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார் இடம் காலியாயிற்று. ஹெட்மாஸ்டர் அத்திம்பேரோடு படித்தவர். மரியாதை தெரிந்த மனிதர், ஒரு கடை ஆளை எடுக்கும் முன் அந்த முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று போய்க் கேட்டார். "பேஷா அழைச்சுக்குங்க" என்றாராம் முதலாளி. அத்திம்பேர் திங்கட்கிழமை கடையில் சொல்லிக்கொண்டு நேரே புத்தூர் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்று பேச்சு. அக்கா இரண்டு நாளாகத் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நானும் அவருமாகக் காவேரிப் பாலம் தாண்டிப் போனோம். வழியெல்லாம் முதலாளியிடம் சொல்லப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கடையை நெருங்கியதும் சட்டென்று நின்றார்.

பெஞ்சு நிறைய ஆட்கள். சலவைச் சட்டையும் கையில் டம்ளருமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா இது, மறுபடியும் மந்தம் வந்துடுத்தா?" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லே அத்திம்பேர். உள்ளே போய்ச் சொல்லிட்டு வாங்கோ."

உள்ளே போனார். நான் எதிரே வெற்றிலைக் கடையில் காத்து நின்றேன். வெயில் ஏறியது, அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தன் நாற்காலியில் உட்கார்ந்து மில்லுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. மறுநாள் புத்தூரில் வேறு யாரோ கணக்கு வாத்தியார் ஆனார்.

சில வாரம் கழித்துத் திருவெள்ளறைக்குச் சேவிக்கப் போனேன். கோயிலுக்குப் பக்கத்து வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த ஒருவனை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. பெஞ்சில் பார்த்த முகம். பெயர் மருதை; ஜவுளிக் கடை முதலாளிக்கு அங்கே இருந்த நிலத்தில் பண்ணையாள் என்று பிறகு தெரிந்தது.

"ஜவுளிக் கடையிலே வேலை கேட்டு உட்கார்ந்திருந்தியே, என்ன ஆச்சு?" என்றேன்.

மருதை சிரித்துவிட்டான். "எனக்கு எதுக்கு சாமி கடை வேலை? கண்ணாடி போட்ட ஐயங்காரு ஒருத்தரு வேலைய விட்டுப் போகப் பாக்குறாரு, அவரு கண்ணுல படுற மாதிரி உக்காருங்கடான்னு முதலாளிதான் எங்களைக் கூட்டிட்டுப் போனாரு. சட்டைகூட அவரு குடுத்ததுதான். சாயங்காலம் திரும்ப வாங்கிட்டாரு."

வயிறெரிய ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். அத்திம்பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். அக்கா சாத்தமுதுக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மருதை சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். "நாளைக்கே போய் வேலையை அவர் முகத்திலே விட்டெறிஞ்சுட்டு வாங்கோ. இன்னொரு ஸ்கூல் கிடைக்காமலா போயிடும்?" என்றேன்.

அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"திருவெள்ளறையிலேருந்தா ஆளை வரவழைச்சார்?" என்றார். "சட்டை வேற கொடுத்தாரா? எனக்காகவா?"

"ஆமாம், உங்களுக்காகத்தான்."

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கடையை வைத்து அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியா வேதா, நான் இல்லேன்னா அவருக்குக் கை ஒடிஞ்சாப்போலன்னு தெரிஞ்சு வெச்சிருக்கார்" என்றார்.

அக்கா கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தானே பரிமாறிக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டார். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடைக்குக் கிளம்பினார்.