மரண அறிவித்தலில் ஒரு பிழை

லண்டனில் நான் செய்த வேலைகளில் என்னை நாலு பேருக்குத் தெரிய வைத்தது சம்பளம் இல்லாத ஒரு வேலைதான். எங்கள் தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறேன். கடையில் பால் எடுக்கும்போது யாரோடாவது இரண்டு வார்த்தை கதைத்தால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் திரும்பிப் பார்த்து, "நீங்கள்தானே செத்த ஆக்களின்ர பேர் வாசிக்கிறது?" என்று கேட்பார். ஓம் என்பேன். அவர் முகத்தில் ஒரு சின்னப் பயம் வந்து போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் சொல்வானேன்.

எங்கள் அறிவித்தலுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். அன்னார் இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் தந்தையும், இன்னாரின் மருமகனும், மைத்துனரும் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆவார் என்று முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். சிலர் பிள்ளைகளின் படிப்பையும் நடுவில் செருகித் தருவார்கள். செத்தவரைவிட டொரொண்டோவில் இருக்கிற மருமகளுக்குக் கூட நேரம் போகும். பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன். ஆனாலும் ஒரு மனிதரைத் தனியே சொல்லி அனுப்ப எங்களுக்குத் தெரியாது என்பது மட்டும் உண்மை.

வானொலியில் பேர் வாசிக்கிற நான் இங்கே ஒரு பேரும் எழுதவில்லை. இது அவளுடைய கதை, அவளுக்கு இனித் தொந்தரவு வரக்கூடாது.

அவள் குரோய்டனில் ஒரு பாடசாலைச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவள். என்னைவிடப் பத்து வயது குறைவு. என்னை அக்கா என்பாள். பேசிச் செய்த கலியாணம் சரிவராமல் விவாகரத்து எடுத்தவள். அவள் வீட்டார் அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் பாடசாலைக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க ஒரு மனிதர் வரத் தொடங்கினார். ஜமேக்காவில் பிறந்து சின்ன வயதில் லண்டனுக்கு வந்தவர். உயரமான மனிதர், தாடி நரைத்திருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் தட்டோடு எங்கள் ஜன்னலுக்கு வந்து இன்னும் கொஞ்சம் கஸ்டர்ட் கிடைக்குமா என்று கேட்பார். நான் இல்லை என்பேன். அவள் ஊற்றிக் கொடுப்பாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அவர் ஒரு காலத்தில் சோல், டிஸ்கோ பாட்டுகளுக்கு இசையமைத்தவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பாடியவர்களின் முகம் ஊரெல்லாம் சுவரில் ஒட்டப்பட்டது. இவர் பேர் இசைத்தட்டின் நடுவில் சின்ன எழுத்தில் அடைப்புக்குறிக்குள் கிடந்தது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அவருடைய பாட்டு ஒன்று இல்லாமல் இந்த நாட்டில் ஒரு கலியாணக் கொண்டாட்டம் நடக்காது. எங்கள் ஆட்களின் கொண்டாட்டத்திலும் கேக் வெட்டினவுடன் அதைத்தான் போடுவார்கள், யார் செய்த பாட்டு என்று ஒருவருக்கும் தெரியாது.

இருவரும் ஒரு வீட்டில் இருக்கத் தொடங்கினார்கள். சட்டப்படி பதிந்து கலியாண எழுத்து எழுதவில்லை. அவர் இரண்டு தரம் எழுதி இரண்டும் வக்கீலிடம் போய் முடிந்திருந்தது. அவளுக்கும் ஒருதரம் பட்டது போதும். இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருக்கிற அவளுடைய தமையன் அன்றோடு வாசலை அடைத்துவிட்டார். தகப்பன் முன்னரே காலமாகிவிட்டார், தாய் மகனோடு இருந்தார். தாயோடு கதைக்க இவள் எடுத்தால் தமையன்தான் போனைத் தூக்குவார். கொஞ்சக் காலத்தில் எடுப்பதை விட்டுவிட்டாள்.

அந்தத் தமையனுடைய மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீடு பெரிய மண்டபத்தில் நடந்தது. எனக்கு அழைப்பு வந்தது, இவளுக்கு வரவில்லை. அங்கே கேக் வெட்டினதும் அவருடைய பாட்டைப் போட்டார்கள். தமையன் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். நான் ஓரத்தில் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் இவர்களிடம் போய்ச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியானால் எனக்கு அழைப்பு இருந்திருக்கிறது என்றார். அவளும் சிரித்தாள், பிறகு எழுந்து தேநீர் போடப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அவருக்கு இருதயம் பழுதாகி நடக்க ஏலாமல் போன பிறகு எல்லாம் அவள்தான். குளிக்க வார்த்தது, மாத்திரை கொடுத்தது, கை நடுங்கத் தொடங்கியதும் அவர் வாயால் சொல்லச் சொல்லப் கீபோர்ட் கட்டையை அமுக்கிக் காட்டியது. அவர் அறிந்த தமிழ் மூன்று சொல்: ஓம், சரி, போதும். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் தாதி தண்ணீர் பருக்கியபோது அவர் "போதும்" என்றார். அந்தப் பிள்ளைக்கு விளங்காமல் இன்னும் பருக்கப் போனது. அவள்தான் குவளையைப் பிடித்து வாங்கினாள்.

அவர் போன அடுத்த வாரம் ஒரு பெரிய ஆங்கில வானொலி சனிக்கிழமை பின்னேரம் அவருக்கு அஞ்சலி நிகழ்ச்சி வைத்தது. நான் சோறும் கறியும் கட்டிக்கொண்டு ரயில் எடுத்து, பிறகு டிராம் பிடித்து அவளிடம் போனேன். கதவைத் திறந்தபோது திகைத்துவிட்டேன். தலை வாரி, தோய்த்து மினுக்கிய உடுப்புப் போட்டு, யாரோ வீட்டுக்கு வரப்போகிறார்கள் என்பதுபோல நின்றாள். அவருடைய முதல் மனைவியின் மகன் வானொலிக்காரருக்கு இவளைப் பற்றியும் சொன்னதாக இவளிடம் சொல்லியிருந்தாராம். அதனால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று இருந்தாள். கீபோர்ட்டை ஒரு போர்வையால் மூடி, அதன் மேல் வானொலியை வைத்திருந்தாள்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. பாடகர்கள் பேசினார்கள், ஒரு அம்மா அழுதுகொண்டே பேசினார். முதல் மனைவி பேசினார், மகன் பேசினார். அவர் வயலின்களைக் கூட்டமாக வாசிக்க வைத்து அடியில் டிரம்மை நடக்க விடுகிற விதத்தை ஒருவர் விளக்கினார். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவள் கொஞ்சம் முன்னால் சாய்வாள். அடுத்த ஆள் பேசத் தொடங்கியதும் பின்னால் சாய்வாள். கடைசியில் அறிவிப்பாளர் நல்ல கனிந்த குரலில், தன் இறுதி ஆண்டுகளை அவர் தெற்கு லண்டனில் ஒரு சிறு பிளாட்டில், கீபோர்ட்டே துணையாக, தனியாகக் கழித்தார் என்று சொன்னார். பிறகு அந்தக் கலியாணப் பாட்டு வந்தது.

அவள் பாட்டு முழுவதையும் கேட்டாள். செய்தி தொடங்கிய பிறகு வானொலியை நிறுத்தினாள்.

"தனியவாம் அக்கா."

வானொலியின் ஏரியலை மடித்து உள்ளே தள்ளினாள்.

"அப்ப நான் ஆர்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த வானொலியைத் தூக்கி ஜன்னலால் எறிந்திருப்பேன். நம்பரை எடு, கிழிகிழியென்று கிழிக்கிறேன் என்றேன்.

"வேண்டாம். அவை வேணுமெண்டு சொல்லேல்லை, ஆரோ எழுதிக் குடுத்ததை வாசிச்சவை. எங்கட சனத்துக்குத்தான் எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டும் ஒருத்தரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை." கொஞ்ச நேரம் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். "நீங்கள் வாசியுங்கோ அக்கா. எங்கட ரேடியோவில, எங்கட ஆக்களுக்கு வாசிக்கிற மாதிரி. முடிய நீங்கள் வழமையாப் போடுற அந்தச் சோகப் புல்லாங்குழல் வேண்டாம். அவற்ற பாட்டைப் போடுங்கோ."

அங்கேயே இருந்து எழுதினோம். பிறப்பிடம், வதிவிடம், தாய் தகப்பன் பேர் எல்லாம் சொன்னாள். கணவர் என்ற இடத்தில் பேசாமல் இருந்தாள், நான் கேட்காமலே அவள் பேரை எழுதினேன். அவருடைய பிள்ளைகளின் பேர் வரவேண்டும் என்று அவளே சொன்னாள். நல்ல பிள்ளைகள், ஒவ்வொரு நாளும் போன் எடுத்து விசாரிக்கிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு வாய்ப்பாட்டின்படி மருமகன், மைத்துனர் வரவேண்டும். பிறகு என்ன என்று கேட்டேன். "அவ்வளவுதான் அக்கா. என்ர பக்கத்தில ஆர் இருக்கினம்?" என்றாள்.

திங்கட்கிழமை காலை வானொலிக்குக் கொண்டு போனேன். டயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைதான் எங்கள் நிலையம். அதை நடத்துகிற அண்ணை தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சங்கடம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார்.

"தங்கச்சி, இவைக்கு எழுத்து நடந்ததோ?"

"இல்லை."

"பிறகு எப்பிடிக் கணவர் எண்டு வாசிக்கிறது? தமையன்ர கடை விளம்பரமும் எங்களிட்டைத்தான் போகுது. ஏன் வீண் குழப்பம்?"

"போன கிழமை ஒருத்தரைப் பாசமிகு மகன் எண்டு வாசிச்சனான். தாயை முதியோர் ஹோமில விட்டிட்டு ஒருக்காலும் எட்டிப் பாராத ஆள். அதுக்கு நீங்கள் சேர்ட்டிபிக்கட் கேட்டனீங்களோ?"

அண்ணை கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார். "உம்மோட வாய் குடுக்க ஏலாது. வாசியும். பாட்டுக்கு வாற ஏச்சை நீர்தான் வாங்கவேணும்" என்றார்.

எங்கள் நிலையத்தில் ஒரு அறிவித்தலைக் காலை, மதியம், பின்னேரம் என்று மூன்று தரம் வாசிப்போம். காலையில் முதல் தரம் வாசித்தேன். இதுவரை நான் வாசித்தவற்றில் இத்தனை கட்டையான, சின்ன அறிவித்தல் வந்ததில்லை. ஜமேக்காவைப் பிறப்பிடமாகவும் லண்டன் குரோய்டனை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கினபோதே கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணை நெற்றியைத் தடவினார். அன்புக் கணவரும் என்ற இடத்தில் அவள் பேரை ஆறுதலாக, தெளிவாகச் சொன்னேன். அன்புத் தந்தையும் ஆவார் என்று முடித்து, இனி வருவது அன்னாரே இசையமைத்த பாட்டு என்றேன். பாட்டைப் போட்டேன். டிரம் தொடங்கி வயலின்கள் எழும்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட வைக்கிற பாட்டுக்கு ஒரு அறைக்குள் இருந்து அழுதது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ஹரோவில் இருந்து ஒரு ஐயா, செத்தவீட்டுச் செய்திக்குப் பிறகு குத்தாட்டமோ, உங்களுக்கு வெக்கமில்லையோ என்று ஏசினார். பொறுமையாகக் கேட்டேன், எனக்கு அது பழக்கமில்லாத காரியம். அடுத்து ஒரு பெண், இது என்ர கலியாணத்தில போட்ட பாட்டெல்லோ, இவ்வளவு நாளும் ஆர் செய்ததெண்டு தெரியாது என்றாள். மதிய அறிவித்தலுக்கு முன்னர் ஒரு வயதான குரல் வந்தது.

"பிள்ளை, நீர்தானே காலமை வாசிச்சது?"

"ஓம் அம்மா."

"நான் இல்ஃபோர்ட்டில இருந்து கதைக்கிறன். அந்தக் குரோய்டன் அறிவித்தலில ஒரு பிழை இருக்கு."

இல்ஃபோர்ட் என்றதும் தமையன் வீடுதான் என்று விளங்கியது. கணவர் என்ற சொல்லை எடுக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எடுக்க மாட்டேன் என்று சொல்ல வாயை ஆயத்தப்படுத்திக்கொண்டு, "என்ன பிழை அம்மா?" என்று கேட்டேன்.

"அவருக்கு மாமா மாமி இல்லையோ? பிள்ளையளுக்குப் பிறகு மருமகன் எண்டு வரவேணுமெல்லோ. நீர் விட்டுப்போட்டீர்."

காலையில் வாசித்த தாளை இழுத்து எடுத்தேன்.

"பேனை இருக்கோ? எழுதும்." முதலில் காலஞ்சென்ற தன் கணவரின் பேரைச் சொன்னார். பிறகு தன் பேரை, எழுத்தெழுத்தாக, நான் பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தோடு சொன்னார். "தம்பதியரின் அன்பு மருமகனும். எழுதினீரோ?"

"எழுதிட்டன் அம்மா. உங்கட மகன் ஒண்டும் சொல்லமாட்டாரோ?"

"அவன் கடைக்குப் போட்டான். அவனைக் கேட்டே நான் அவளைப் பெத்தனான்?"

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"அந்தப் பாட்டு பேத்தியின்ர சாமத்தியவீட்டில போட்டதுதானே?"

"ஓம்."

"எனக்கு அப்ப தெரியாது பிள்ளை. தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கி, அதை முடிக்கவில்லை. "அவள் சாப்பிடுறவளோ?" என்று கேட்டார். நான் சோறு கொண்டு போய்க் கொடுத்தேன் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

அண்ணையிடம் தாளைக் காட்டினேன். படித்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை, கண்ணைத் துடைத்தார். "வாசியும் தங்கச்சி, நேரமாகுது" என்றார்.

மதியம் வாசித்தேன். தந்தையும் என்ற சொல்லுக்குப் பிறகு அந்தப் புதிய வரி வந்தபோது, விரலை அதன் கீழ் வைத்துக்கொண்டேன். இரண்டு பேரையும் அந்த அம்மா சொல்லித் தந்தபடியே வாசித்தேன். அன்பு மருமகனும் ஆவார் என்று முடித்துப் பாட்டைப் போட்டேன்.

பாட்டு பாதிகூடப் போகவில்லை, என் கைத்தொலைபேசி அடித்தது. அவள்தான். அவள் பக்கத்திலும் அதே பாட்டு கேட்டது.

"அக்கா, அந்த வரி நான் தரேல்லை."

"ஓம்" என்றேன். "உன்ர அம்மா தந்தவ."