ரிம்மில் தடவிய தேங்காய் எண்ணெய்

மகளின் சைக்கிள் ரிம்மைத் துடைத்த துணியில் எழும் பிரேக் ரப்பரின் கரி வாசனை, மாநில எல்லையோர ஜூஜுவாடியில், இன்று லாரி ஷெட்டாகிவிட்ட எங்கள் லைன் வீட்டு வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பத்து வீட்டுச் சைக்கிள்களும் பொதுக்குழாயைச் சுற்றி நிற்க, சோப்பு நுரையோடு தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சாக்கடையில் ஓடும். அந்த வருடம், அம்மா கம்பெனிக்கு ஓட்டிப்போகும் சைக்கிள்தான் எல்லாவற்றையும்விட மின்ன வேண்டும் என்று இரண்டு ரிம்களிலும் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தேன்.

"கண்ணாடியாட்டம் இருக்குதுடி" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள் அம்மா.

பூஜை முடிந்து முதல் ஷிப்டுக்குப் போனவள், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், ஓரம் நின்ற லாரியில் மோதி முன்பல் இரண்டை இழந்து திரும்பினாள். மாத்திரை போட்டு அவள் தூங்கிய மதியம், சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். பிரேக் கட்டை எண்ணெயில் வழுக்கியது. ரிம்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, கட்டைகளை உப்புத்தாளால் தேய்த்துவைத்தேன்.

நாலு நாள் கழித்து அம்மா ஓட்டிப் பார்த்தபோது, அழுத்திய இடத்திலேயே சைக்கிள் நின்றது.

"பிரேக் நல்லாத்தான இருக்குது. நாந்தான் சரியா அமுக்கல போல."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அன்று சொன்னதைத்தான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.